தேரும் சக்கரமும் எங்கள் அத்தானும்

பி.காம். படித்தவன் எவனையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி, "டெப்ரிஸியேஷன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவான். தேய்மானம். ஒரு சாமானை வாங்குகிறோம், உபயோகிக்கிறோம், அது தேய்கிறது, தேய்ந்ததை வருஷா வருஷம் கணக்கில் கழிக்கிறோம். அவ்வளவுதான். பத்து மார்க்.

அதே பாடத்தில், 'உபயோகிக்காமல் காலம் கடந்து போவதாலும் மதிப்புக் குறையும்' என்று ஒரு வரி வரும். அந்த வரியை நாங்கள் யாருமே மதித்ததில்லை. பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சத்தியம் பண்ணியிருந்தார்கள். அதற்கு முழு அர்த்தம் எனக்கு விளங்கியது 2023 அக்டோபரில்தான். விளங்க வைத்தது எந்தப் புரொபசரும் இல்லை. ஒரு படகு டிரெய்லர்!

எங்கள் அத்தானை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவர். கம்ப்யூட்டர் வேலைக்காக ஆஸ்திரேலியா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. மெல்போர்னுக்கு மேற்கே வெரிபியில் வீடு. அக்காவிடம் கேட்காமல் ஒரு குடைகூட வாங்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷர் பதினாறு வருஷத்தில் முதல் முறையாக அக்காவைக் கேட்காமல் ஒரு சாமான் வாங்கினார். அது படகு.

நாலரை மீட்டர் அலுமினியப் படகு. பின்னால் 40 குதிரைசக்தி மோட்டார். செகண்ட் ஹேண்ட். அந்த ஊரில் இந்த ரகத்துக்குச் செல்லப் பெயர் 'டின்னி'. "தகர டப்பா" என்று அக்கா உடனே மொழிபெயர்த்துவிட்டாள்.

நான் ஒரு மாச லீவில் போயிருந்தேன். (லீவு கொடுக்க எனக்கு ஆபீஸ் கிடையாது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் வேலை செய்யாத நாளுக்கெல்லாம் லீவு என்று பெயர் வைத்துக்கொள்வது மரபு.) நான் போன மூன்றாம் நாள் அத்தான் ஜீலாங் போய், பணத்தை எண்ணிக் கொடுத்து, படகை டிரெய்லரோடு காரில் மாட்டி, சுமார் ஐம்பது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"எப்படி மாப்ளே?"

"நல்லாருக்கு அத்தான். ஏதோ தீயற வாசனை வருதே?"

"பக்கத்து வீட்டுல கறி சுடுதாங்கடா."

பக்கத்து வீட்டில் யாரும் கறி சுடவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கிரேக்கர். இளம் வயதில் கப்பலேறி வந்து, ரிடையர் ஆகும்வரை லாரிப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். வாசனை அவர் மூக்குக்கும் போயிருக்கிறது. கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். படகை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக டிரெய்லரின் இடது சக்கரத்திடம் போய் ஹப்பின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

அப்புறம் ஜாக்கி கொண்டு வரச் சொன்னார். தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். கர்ர்ர்... என்று அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ஆடியது. சக்கரம் ஆடக்கூடாது சார், சுற்ற மட்டும்தான் வேண்டும்.

"ஜீலாங்கிலிருந்தா வந்தாய்?"

"ஆமா."

"அதிர்ஷ்டசாலி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் உன் சக்கரமே உன்னை ஓவர்டேக் பண்ணியிருக்கும்."

அத்தான் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை. பேரிங் முழுக்கப் போய்விட்டால் ஹப்பே அச்சிலிருந்து கழன்று, சக்கரத்தோடு தனியாக ஓடும் என்றார். அவர் பட்டறைக்கு அப்படி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் தனியாக ஓடுகிற சக்கரம் யாரிடம் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வரலாம். எதிரே ஒரு குடும்பம் வரலாம்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அக்கா வெளியே வந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. என் பிள்ளைங்க அந்த வண்டி மாட்டுன கார்ல ஏறாது. தாத்தா வாயால 'சரியாப் போச்சு'ன்னு வந்தா சரி. இல்லேன்னா தீபாவளிக்கு முந்தி இதை வித்துட்டு மறுவேலை பாருங்க."

தீபாவளி நவம்பர் 12. படகில் முதல் பயணத்துக்கு அத்தான் குறித்து வைத்திருந்த நாள் நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மெல்போர்னில் குதிரைப் பந்தயத்துக்காக அரசாங்கமே லீவு விடுகிறது. (நம் ஊரில் பந்தயத்துக்குப் போக நாமாகத்தான் லீவு போட வேண்டும்.) அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை போர்ட் பிலிப் விரிகுடாவுக்குள் ஸ்னாப்பர் என்கிற மீன் முட்டையிட வருகிற காலம். பார்வைக்கு நம் சங்கரா மாதிரி சிவப்பாக இருக்கும். ஊரில் படகு வைத்திருப்பவன் எல்லாம் அப்போதுதான் கராஜிலிருந்து வெளியே இழுக்கிறான். அத்தனை பேர் டிரெய்லரும் அப்போதுதான் முனகுகிறது. அத்தான் போன் போட்ட பட்டறைகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின. நவம்பர் பாதிக்கு மேல் வா.

ஆக, பட்டறை நாங்கள்தான். அத்தான், நான், எட்டாவது படிக்கிற பையன், பத்து வயதுப் பெண். சூப்பர்வைசர், கிரேக்கத் தாத்தா.

வேலைக்கு முன்னால் அத்தானைக் கேட்டேன். "வாங்கும்போது என்னத்தைப் பார்த்தீங்க அத்தான்?"

"எல்லாம் பார்த்தேம்டா. ரெண்டு மணி நேரம் பார்த்தேன். மோட்டாரை ஓட விட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"டிரெய்லரை?"

"அதான் படகுக்கு அடியில நின்னுச்சே!"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நெல்லையப்பர் தேர் வருகிறபோது நாம் எதைப் பார்க்கிறோம்? மேலே சாமியை. அலங்காரத்தை. ரதவீதி மாடியில் நிற்கிற தாவணியை. சக்கரத்தைப் பார்க்கிறவன் முட்டுக்கட்டை போடுகிறவன் ஒருத்தன்தான். படகு விஷயமும் அப்படியேதான். படகுக்கு இன்ஷூரன்ஸ், படகுக்கு பாலிஷ், படகுக்குப் பெயர் வைக்க குடும்பத்தோடு மீட்டிங். கீழே சுமந்துகொண்டு நிற்கிறதே, அதற்கு ஒரு துளி கிரீஸ் கிடையாது.

சரி, பிரித்த கதைக்கு வருகிறேன். ஹப்பின் முனையில் தகரத்தில் ஒரு மூடி. அதைத் தட்டி எடுத்தால் உள்ளே ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின். துருப்பிடித்த அந்தப் பின்னை உருவ முக்கால் மணி நேரம் ஆனது.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சின்னது. சாய்வாக அடுக்கின குட்டி உருளைகள். அவை உட்கார்ந்து ஓட ஹப்புக்குள் இரும்பு வளையம், அதற்குக் 'கப்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் பின்னால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு ரப்பர் சீல். கடையில் சீல் மட்டும் தனியாக வாங்கினால் ஆறு டாலர். இந்த ஆறு டாலரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பை இழுத்ததும் உள்ளே இருந்த கிரீஸைப் பார்த்து நான் ஒரு கணம் பசித்துப் போனேன். அசல் டிகிரி காபி கலர். தாத்தா விரலில் தொட்டுக் காட்டினார். கிரீஸில் தண்ணீர் கலந்தால்தான் இப்படிப் பால் விட்ட நிறம் வருமாம். கலந்திருப்பது கடல் தண்ணீர். துடைத்துப் பார்த்தால் உருளைகள் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் துரு.

தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த 13 இஞ்ச் சக்கரம் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஹப் சூடாகிறது. உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. கடலோரம் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்கிறோம்? மூச்சு விடாமல் ரிவர்ஸ் எடுத்து, சரிவில் இறக்கி, சக்கரம் முழுகத் தண்ணீருக்குள் தள்ளுகிறோம். படகு மிதந்தால்தானே நகரும்! சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முழுகியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. இங்க் பில்லரின் ரப்பரைப் பிதுக்கி, மசிக்குள் வைத்துக் கையை விட்டால் என்ன ஆகும்? அதேதான். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், ஹப் கடலை உறிஞ்சிக் குடித்துவிடும்.

குடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. படகு வீட்டுக்கு வரும். வாசலில் நிற்கும். அடுத்த மூன்று மாதம் அத்தான் மாதிரி ஆசாமிகளுக்கு ஆபீஸில் வேலை ஜாஸ்தி. உப்புத் தண்ணீர் பேரிங்கோடு தனியாகக் குடித்தனம் நடத்தும். உருளை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் துரு கடிக்கும். மறுபடி எடுத்து ஓட்டும்போது அந்தக் குழி மேல் ஓடி, சூடேறி, இன்னும் குடித்து...

பழைய சொந்தக்காரர் அத்தானிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "வருஷத்தில் ஐந்தாறு தடவைதான் வெளியே எடுப்பேன்" என்று. அத்தான் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். தடவைக்கு நூறு கிலோமீட்டர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு அறுநூறு. சென்னையில் என் ஸ்கூட்டர் ஒரு மாசத்தில் அதைவிட அதிகம் ஓடுகிறது, அதன் பேரிங் சௌக்கியமாக இருக்கிறது. இந்த டிரெய்லரின் பேரிங்கைக் கொன்றது அந்த அறுநூறு கிலோமீட்டர் இல்லை. வருஷத்தில் மிச்சமிருந்த முந்நூற்று அறுபது நாள். 'காலம் கடந்து போவதாலும்' என்று புத்தகத்தில் அந்த வரியை எழுதிய மகராசன் நிச்சயம் ஒரு படகு வைத்திருந்திருப்பார்.

இடது பக்கம் முடிந்ததும் அத்தான் கையைக் கழுவப் போய்விட்டார்.

"வலது பக்கம்?" என்றார் தாத்தா.

"அது சத்தம் போடலையே. நல்லாத்தானே சுத்துது?"

எனக்கு அத்தான் கட்சிதான் சரி என்று பட்டது என்றால் நம்புவீர்கள்; மணி ஐந்து, காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெண்ணின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அத்தான் ஜாக்கியை வலது பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

சத்தம் போடாத சக்கரத்தின் ஹப்பைச் சாய்த்ததும் உள்ளேயிருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. கிரீஸ் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. உருளைகளில் துரு இப்போதுதான் புள்ளி வைத்துக் கோலம் ஆரம்பித்திருந்தது. "இது இன்னும் ரெண்டு பயணம்" என்றார் தாத்தா. அதற்கப்புறம் அன்று சாயங்காலம் முழுக்க அத்தான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி: "ஹோல்டனா, போர்டா?"

"கார் வேண்டாம் தம்பி, டிரெய்லர் பேரிங்" என்று அத்தான் தமிழ் கலந்த இங்கிலீஷில் பதறினார்.

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவில் சாதாரண டிரெய்லர்களுக்கு இரண்டு சைஸ் பேரிங் பிரபலம். எந்தக் கார்களில் அவை ஓடினவோ அந்தப் பெயரிலேயே 'ஹோல்டன் பேரிங்', 'போர்டு பேரிங்' என்று வழங்குகின்றன. எங்களுடையது ஹோல்டன். உள்பக்கம் எல்.எம். 67048, வெளிப்பக்கம் எல்.எம். 11949. ஹோல்டன் கம்பெனி 2017-ல் அங்கே கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. 2020-ல் அந்தப் பெயரே விற்பனையிலிருந்து போயாகிவிட்டது. ஆனால் பேரிங் கடைக் கவுன்ட்டரில் இன்னும் ஹோல்டன் ஜம்மென்று ஜீவித்திருக்கிறது.

இந்தச் சாய்ந்த உருளை பேரிங்கே காருக்காகப் பிறந்ததில்லை. அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் என்கிற குதிரை வண்டி செய்கிறவர் 1898-ல் இதற்குப் பேடன்ட் வாங்கினார். வண்டி திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டிலும் ஒரு தள்ளு தள்ளுமே, அந்தத் தள்ளையும் மேலே இருக்கிற சுமையையும் சேர்த்துத் தாங்கத்தான் உருளையைச் சாய்த்தது. இதைச் சொன்னதும் அத்தானுக்கு மௌன விரதம் கலைந்தது.

"எங்க தாத்தா வண்டிக்கு மசகு போடுவாரு தெரியுமா மாப்ளே? வைக்கோலைக் கருக்கி, வெளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு, மூங்கில் குழாய்ல அடைச்சு வண்டிக்கு அடியில தொங்க விட்டிருப்பாரு. கடையாணியைத் தொட்டுப் பார்க்காம வண்டியில ஏற மாட்டாரு. ஏறவும் விட மாட்டாரு."

"நீங்க பேரன்தானே?" என்று கேட்க நாக்கு துடித்தது. அக்கா புருஷன் ஆச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

புதுப் பேரிங்குக்குப் பழைய கப் ஆகாது. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய தழும்பு புது உருளையைக் கெடுத்துவிடும். பழைய கப்பை ஹப்புக்குள்ளிருந்து உளி மாதிரி ஒரு பித்தளைக் கம்பியால் நாலு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி இறக்கினார் தாத்தா. புதுக் கப் உள்ளே போக மறுக்கும், அவ்வளவு இறுக்கமான அளவு. அதற்கு அவர் சொன்ன வைத்தியம், ராத்திரி பூரா ப்ரீஸரில் வை. இரும்பு ஒரு மயிரிழை சுருங்கும், ஹப்பை வெயிலில் வைத்துச் சூடாக்கினால் அது ஒரு மயிரிழை விரியும், இரண்டும் சமரசமாகிவிடும்.

காலையில் அக்கா சட்னிக்கு ப்ரீஸரைத் திறந்திருக்கிறாள். துருவின தேங்காய் பாக்கெட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் பாலிதீன் பையில் நாலு இரும்பு வளையம். "ஏங்க, இதை எத்தனை விசில் வைக்கணும்?" என்று குரல் வந்தது. மூன்று நாளுக்கு அப்புறம் அக்கா அடித்த முதல் ஜோக். அத்தான் முகத்தில் உயிர் வந்ததைப் பார்க்க வேண்டுமே!

பேரிங்குக்கு கிரீஸ் ஏற்றுவது தனிக் கலை. மேலே பூசினால் போதாது, உருளைகளுக்கு இடையில் புக வேண்டும். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் வைத்து அழுத்தி அழுத்தி வழிக்க வேண்டும், மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே புழு புழுவாகப் பிதுங்கி வரும்வரை. இது பெண்ணுக்குப் பிரமாதமாக வந்தது. தீபாவளிக்கு அம்மாவுக்கு முறுக்கு அச்சு பிழிந்து கொடுத்த கை! தண்ணீர் தாங்கும் படகு கிரீஸ், நீல நிறம். பையன் ஒரு பேரிங்கை ஏற்றிவிட்டு ஷார்ட்ஸில் துடைத்துக்கொண்டான். அந்த ஷார்ட்ஸ் இப்போது வீட்டுக்கு வெளியே வசிக்கிறது.

கடைசிக் கட்டம் நட்டு. இதில்தான் அத்தான்மார்கள் தோற்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு நட்டைக் கண்டால் பலம் வந்துவிடும், மூச்சைப் பிடித்து இறுக்கிவிடுவான். தாத்தா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். முதலில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கு, பேரிங் கப்பில் சரியாக உட்காரட்டும். அப்புறம் தளர்த்து. அப்புறம் வெறும் விரலால் இறுக்கு. பின் போகிற ஓட்டை நேருக்கு வருகிற இடத்தில் நிறுத்து. வேட்டி கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இறுக்கினால் மூச்சு முட்டும், பேரிங் கருகிவிடும். தளர விட்டால் நடுரோட்டில் மானம் போகும். ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும், ஒரு தடவை வளைத்த பின் மறுபடி உதவாது. அத்தான் அதைக் 'கடையாணி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து கிரேக்கத் தாத்தாவும் "காடியானி" என்றார்.

ஒன்றைத் திறந்தால் சும்மா இருக்குமா? டயரைப் பார்த்தோம். பட்டன் புத்தம் புதுசு, தேயவே இல்லை. ஆனால் பக்கச் சுவரில் பொடிசாக நாலு இலக்கம் இருக்கிறது பாருங்கள், முதல் இரண்டு தயாரான வாரம், கடைசி இரண்டு வருஷம். எங்கள் டயரில் 3411. 2011-ஆம் வருஷம் முப்பத்து நாலாவது வாரம். ரப்பர் முழுக்க வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. ஓடித் தேயாத டயர் நின்றே செத்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். வின்ச்சில் படகை இழுத்துக் கட்டுகிற பட்டை நூல் நூலாகப் பிரிந்திருந்தது, மாற்றினோம். படகு உருண்டு ஏறுகிற ரப்பர் ரோலர்களில் மூன்று பொடிந்து போயிருந்தன. கமான் பட்டையை அச்சோடு கட்டுகிற யு-போல்ட் நாலும் துரு. பின் விளக்கு ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் அணைந்தது. எர்த் ஒயர் அரித்திருந்தது, அதைச் சுத்தமாகப் புது இடத்தில் இணைத்ததும் இரண்டும் ஒற்றுமையாக எரிந்தன.

மொத்தச் செலவை நான் பில்களை அடுக்கிக் கூட்டிக் கொடுத்தேன். 640 டாலர். படகின் விலை எட்டாயிரத்து ஐநூறு. "பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் சேர்ந்தே நூறு டாலர்தான் அத்தான், மிச்சமெல்லாம் டயரும் மற்றதும்" என்றேன். அத்தான் காகிதத்தை வாங்கி, சீல் இருந்த வரியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். தலைக்கு ஆறு டாலர், இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். பிள்ளைகள் இல்லாமல் நானும் அத்தானும் மட்டும். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் முழுசாப் போய் முழுசா வாங்க" என்று அக்கா திருநீறு பூசி அனுப்பினாள். என்னை எந்தத் தைரியத்தில் அனுப்பினாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி ஹப்பைத் தொட்டோம். காய்ச்சல் இல்லாத குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு. கை வைக்க முடிகிற சூடு நல்ல சூடு. கையை இழுத்துக்கொள்ள வைக்கிற சூடு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, வீட்டுக்கு வந்து, மறுபடி ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார் தாத்தா. ஆடவில்லை. அக்காவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். அக்கா உள்ளே போய் ஒரு டப்பா முறுக்கு கொண்டு வந்து கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் கிளம்பினோம். வெரிபி சவுத்தில் படகு இறக்கும் சரிவில் நல்ல கூட்டம். எங்கள் முறை வரும் சமயத்தில் அத்தான் காரை ஒதுக்கி நிறுத்திவிட்டார். டிரெய்லர் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார், சூடான பல்பு தண்ணீரில் விரிசல் விடும் என்று. பிறகு சாவதானமாக எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்தார்.

"என்ன அத்தான், இறக்கலியா?"

"ஹப் ஆறட்டும்டா."

பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி, சூடு ஆறாத சக்கரங்களைச் சர்ர்ரென்று தண்ணீருக்குள் இறக்கினார்கள். அத்தான் ஒவ்வொருவரையும் பார்த்து 'உச்' கொட்டினார். கால் மணி நேரம் கழித்து, பெண் போய் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்குப்பா" என்று உத்தரவு கொடுத்தாள். படகு இறங்கியது.

ஸ்னாப்பர் எங்களைச் சட்டை செய்யவில்லை. மூன்று மணி நேரத்தில் சிக்கியது ஒரே ஒரு பிளாட்ஹெட். ரோடு ரோலர் ஏறிய மாதிரி தட்டைத் தலை. அந்த மாநிலச் சட்டப்படி அது 27 சென்டிமீட்டராவது இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். அத்தான் ஸ்கேலை வைத்தார். 26. மீனைத் திருப்பிப் போட்டு அளந்தார். 26. "வாலை லேசா இழுத்துப் பிடி மாப்ளே" என்றார். பெண் முறைத்தாள். மீன் கடலுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் திரும்பும் வழியில் அக்கா ஒரு மீன் கடை முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். குழம்புக்குப் புளி ஊறப் போட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். அக்கா பர்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். அத்தானும் இறங்கினார்; கடைப் பக்கம் போகாமல் டிரெய்லரின் இடது சக்கரத்திடம் குனிந்து ஹப்பில் புறங்கையை வைத்தார். அப்புறம் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார்.